சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிற தெரபிஸ்ட் வேண்டும்

சென்னையில் முட்டி வலிக்கு டாக்டர் வேண்டுமென்றால் வாக்கிங் போகிற இடத்தில் கேட்டாலே போதும். பெயர், ஃபீஸ், எந்த நேரம் போனால் கூட்டம் இருக்காது என்பது வரை சொல்லிவிடுவார்கள். "சாப்பிடவே மாட்டேன் என்கிற பொண்ணுக்கு நல்ல தெரபிஸ்ட் யாராவது தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெயர் வராது, வைத்தியம்தான் வரும். "ரெண்டு நாள் கண்டுக்காம விடுங்க, பசிச்சா தானா சாப்பிடும்" என்பார் ஒருவர். உப்பு, மிளகாய் எடுத்துச் சுற்றிப்போடச் சொல்வார் இன்னொருவர். மூன்றாமவர், "எல்லாம் இந்த இன்ஸ்டாகிராமால வந்தது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு அடுத்த ரவுண்டு நடக்கப் போய்விடுவார்.

இன்ஸ்டாகிராம் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் பாரிஸில் லாசேக் என்ற மருத்துவரும் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவரும் இந்த நோயைத் தனித்தனியாக விவரித்தது 1873-இல். அனொரெக்ஸியா நெர்வோசா என்ற பெயர் கல் வைத்ததுதான். அன்றைக்கு செல்ஃபி இல்லை.

நான் தேடியது என் அக்கா மகளுக்காக. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எடை, கலோரி எண்கள் எதுவும் இந்தப் பதிவில் வராது. இந்த நோயோடு போராடுகிற யாராவது படித்தால், அந்த எண்ணை ஒரு சவாலாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

பிளஸ் டூ படிக்கும்போது பிசிஓடி என்று சொன்னார்கள். மகப்பேறு மருத்துவர், "வெயிட்டைக் குறைம்மா, எல்லாம் சரியாயிடும்" என்றார். நம்மூரில் ஒரு நாளைக்கு எத்தனை பெண்களிடம் இந்த ஒரு வரி சொல்லப்படுகிறதோ! எவ்வளவு, எப்படி, எதுவரை என்று யாரும் சொல்வதில்லை. இவள் படிப்பில் எப்படியோ அப்படியே இதிலும். முதலில் சர்க்கரை நின்றது, பிறகு எண்ணெய், பிறகு சோறு. தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும், "அடேயப்பா, எப்படிடி இளைச்ச? எங்களுக்கும் சொல்லிக் கொடு" என்றார்கள். மாதவிலக்கு நின்றபோது அதையும் பிசிஓடி கணக்கில் எழுதிவிட்டார்கள்.

அடுத்து, வயிறு உப்புசம். ரெண்டு வாய் சாப்பிட்டாலே மேலே ஏறி நிற்கிறது என்றாள். வயிற்று டாக்டரிடம் போய் எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள். நார்மல். கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அவள் பொய் சொல்லவில்லை. நீண்ட நாள் பட்டினி கிடந்தால் இரைப்பை காலியாகும் வேகம் குறைந்து, கொஞ்சம் சாப்பிட்டாலும் உப்பிக்கொள்ளும். ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1990-களில் எழுதிய ஆய்வுகளில், அங்கே அனொரெக்ஸியா வந்த பெண்களில் பலர் "குண்டாகிவிடுவேன்" என்று பயந்து சொல்லவே இல்லை, வயிறு அடைக்கிறது, பசிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தை மட்டும் படித்த ஒருவர், "உனக்குக் குண்டாகிடுவோம்னு பயமா?" என்று கேட்டு, இவள் "இல்லை" என்று சொல்லிவிட்டால் கேஸ் அங்கேயே முடிந்துவிடும்.

அக்கா என்னிடம் போனில் அழுததைவிட அவள் சொன்ன வேறொன்றுதான் என்னை உலுக்கியது. "ராத்திரி பூரா சமையல் வீடியோ பாக்குறாடி. ஞாயித்துக்கிழமை எங்களுக்கு அவளே பிரியாணி பண்ணிப் போடுறா. நாங்க சாப்பிடுறத உக்காந்து பாக்குறா. அவ ஒரு வாய் தொடல." 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினிப் பரிசோதனையைப் பற்றி முன்பு படித்திருந்தேன். உடலும் மனமும் நல்ல ஆரோக்கியமாக இருந்த 36 ஆண்கள், தாங்களாக முன்வந்தவர்கள். ஆறு மாதம் அரைப்பட்டினி. அவர்களும் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள், சாப்பாட்டைத் தட்டில் வைத்து மணிக்கணக்கில் அளைந்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே மனநோயும் இல்லை, இன்ஸ்டாகிராமும் இல்லை. பட்டினியே மனதை அப்படித் திருகும். அக்கா வீட்டில் நடந்தது எனக்கு அன்றுதான் பிடிபட்டது. இனி கேஸ் மாத்திரையில் காலம் தள்ள முடியாது.

தேட ஆரம்பித்தேன். இணையத்தில் சென்னை தெரபிஸ்ட்டுகளின் பக்கங்களைத் திறந்தால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சிகிச்சை தருகிறார்கள். மன அழுத்தம், பதற்றம், கணவன் மனைவி பிரச்சினை, தேர்வு பயம், மொபைல் அடிமைத்தனம், கடைசியில் ஈட்டிங் டிஸார்டர். அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை நோயாளிகளைப் பார்த்த அனுபவம் இருக்கிறது என்பது அந்தப் பக்கத்திலிருந்து தெரியாது. போன் பண்ணிக் கேட்டால்தான் தெரியும். கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது.

பட்டத்தைப் பற்றி ஒரு விஷயம். நம் நாட்டில் 'கவுன்சிலர்' என்று யார் யாரோ போர்டு மாட்டிக்கொள்கிறார்கள். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் எம்.டி., டி.பி.எம். போன்றவை படித்தவர், மருந்து எழுத முடியும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐ-யில், பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைத் தயங்காமல் கேட்கலாம், கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஆர்சிஐ பதிவு இல்லாத நல்ல கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட்டுகளும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்து வரக்கூடிய நோய்க்கு நான் அந்தப் பரீட்சையில் இறங்கத் தயாராக இல்லை. மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமாக உள்ளவற்றில் அனொரெக்ஸியா ஒன்று.

சரி, பதிவு இருந்தால் போதுமா? நாங்கள் முதலில் போனவருக்கு எல்லாம் இருந்தது. அன்பாகப் பேசினார். அவளுடைய சின்ன வயது, தம்பி பிறந்தது, அத்தான் வெளிநாட்டில் இருந்த வருடங்கள், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "மூல காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டா சாப்பாடு தானா சரியாகும், சாப்பாட்டைப் பத்தி வீட்ல பேசவே பேசாதீங்க" என்றார். காரணம் தேடத் தேட அவள் இளைத்துக்கொண்டே போனாள். ஒரு தடவைகூட அவர் நாடித்துடிப்பைப் பற்றியோ ரத்தப் பரிசோதனையைப் பற்றியோ கேட்கவில்லை. அடுத்தவர் கவுன்சிலர், ஊர்ப்பக்கம் பெயர் பெற்றவர். பாசிட்டிவாக யோசிக்கச் சொல்லி, கூடவே ஒரு டயட் சார்ட்டும் கொடுத்தார். ஏற்கெனவே ஒவ்வொரு கவளத்தையும் எண்ணுகிற பெண்ணின் கையில் இன்னொரு கணக்கு நோட்டு!

பிறகு கிடைத்தவர், போனை எடுத்ததும் ஃபீஸ் சொல்லவில்லை, நேரம் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். "கடைசியா எப்ப பீரியட்ஸ் வந்துச்சு? எந்திரிச்சு நிக்கும்போது கண்ணு இருட்டுதா? சாப்பிட்டதும் பாத்ரூம் போய் ரொம்ப நேரம் இருக்காளா? பேதி மாத்திரை ஏதாவது எடுக்குறாளா? ஈசிஜி எடுத்தீங்களா?" நான் திணறித் திணறி பதில் சொன்னேன். "நாளைக்கே ஒரு பொது மருத்துவரைப் பாருங்க. படுத்திருக்கும்போது, நிக்கும்போது ரெண்டு தடவையும் பல்ஸ், பிபி பாக்கச் சொல்லுங்க. பொட்டாசியம், பாஸ்பரஸ், மெக்னீசியம் பாக்கணும். ரிப்போர்ட்டோட என்கிட்ட வாங்க. அதுவரைக்கும் அவளைத் திடீர்னு நிறைய சாப்பிட வைக்காதீங்க" என்றார்.

கடைசி வாக்கியம் எனக்குப் புதிராக இருந்தது. மறுநாள் பார்த்த பொது மருத்துவர் விளக்கினார். நாள்பட்ட பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாகச் சாப்பாடு உள்ளே போனால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சடாரென்று இறங்கும், இதயமே தடுமாறலாம். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்கிறார்கள். அதனால்தான் ரொம்ப இளைத்தவர்களை ஆஸ்பத்திரியில் வைத்து, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே சாப்பாட்டைக் கூட்டுகிறார்கள். இன்னொன்றும் சொன்னார். ரத்தப் பரிசோதனை நார்மலாக வந்துவிட்டது என்பதற்காக நிம்மதியாக உட்காரக் கூடாது, உடம்பு கடைசிவரை சமாளித்துக் காட்டிவிட்டு ஒரே நாளில் கவிழும். உருவத்தைப் பார்த்தும் எடைபோடக் கூடாது. பார்க்கச் சாதாரண உடம்போடு இருக்கிற ஒரு பெண்ணுக்கு, தினமும் சாப்பிட்டு வாந்தி எடுப்பதால் பொட்டாசியம் அதலபாதாளத்தில் இருக்கலாம்.

ஆக, என் அபிப்பிராயம் இதுதான். முதல் பேச்சிலேயே உடம்பையும் சாப்பாட்டையும் பற்றி நேராகக் கேட்காத தெரபிஸ்ட்டிடம் இந்த நோயை ஒப்படைக்காதீர்கள். அவர் எவ்வளவு கனிவானவராக இருந்தாலும் சரி, சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும் சரி. இதற்கு முன் எத்தனை பேரை இந்தப் பிரச்சினைக்காகப் பார்த்திருக்கிறீர்கள், எந்த முறையில் செய்கிறீர்கள், கூட எந்த டாக்டர் இருப்பார், எடையை யார் பார்ப்பார்கள், நிலைமை மோசமானால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள் என்று போனிலேயே கேளுங்கள். தெரிந்தவர் தயங்காமல் சொல்வார். "எனக்கு இதில் அனுபவம் குறைவு, இன்னாரைப் பாருங்கள்" என்று சொல்பவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கடைசியாகக் கிடைத்த தெரபிஸ்ட் பின்பற்றியது குடும்பத்தை வைத்துச் செய்கிற முறை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. அந்தக் காலத்து டாக்டர்கள் இந்த நோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்கச் சொன்னார்கள், பெற்றோரைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். மாட்ஸ்லிக்காரர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். 1987-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், சின்ன வயதில் நோய் வந்து மூன்று வருடத்துக்குள் சிகிச்சைக்கு வந்தவர்களுக்குக் குடும்பச் சிகிச்சை நன்றாக வேலை செய்தது. இதில் யாரால் வந்தது என்ற விசாரணை கிடையாது. முதல் கட்டத்தில் என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது என்ற பொறுப்பு முழுக்க அப்பா அம்மாவிடம். உடம்பு தேறத் தேற பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திரும்பும். கடைசிக் கட்டத்தில்தான் மற்ற பேச்சு.

இரண்டாவது அமர்வுக்கு வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு வரச் சொன்னார். அக்கா கேரியரில் இட்லியும் கடப்பாவும் எடுத்து வந்திருந்தாள். நானும் உடன் போயிருந்தேன். "அவளுக்கு இப்ப எவ்வளவு தேவைன்னு நெனைக்கிறீங்களோ, அவ்வளவு நீங்களே தட்டுல வைங்க" என்றார் தெரபிஸ்ட். அக்கா வைத்தாள். இவள் இட்லியை நகக்கண் அளவு துண்டாக்கி, கடப்பாவில் மிதந்த எண்ணெயை ஓரமாக ஒதுக்கி, அரை மணி நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் வழக்கம்போல ஆரம்பித்தார். "சாப்பிட்டா ஸ்கூட்டி வாங்கித் தரேன்." தெரபிஸ்ட் குறுக்கிட்டார். "சார், பேரம் வேணாம். திட்டும் வேணாம். அம்மா பக்கத்துல வந்து உக்காருங்க. ரெண்டு பேரும் ஒரே வார்த்தைய சொல்லுங்க, இன்னும் ஒரு வாய்." அவள் கத்தினாள், தட்டைத் தள்ளினாள், "சித்தி, நீங்களாவது சொல்லுங்க" என்று என்னைப் பார்த்து அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை. இருபது வருடத்தில் அக்காவும் அத்தானும் ஒரே விஷயத்தை ஒரே குரலில் சொல்லி நான் பார்த்தது அன்றுதான். அவள் அந்த ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு இன்னொன்று.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் சுலபமாக இல்லை. அக்கா வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டாள். ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் ஒரு யுத்தம். பிளஸ் டூவுக்குப் பிறகு ஒரு வருடம் கல்லூரி தள்ளிப்போனது. "பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்டவர்களுக்கு "உடம்பு சரியில்ல, ரெஸ்ட்ல இருக்கா" என்ற ஒரே பதில். அது உண்மையும்கூட.

எல்லோருக்கும் இதே முறை பொருந்தாது. வயது வந்தவர்களுக்கும், அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கிற புலிமியாவுக்கும் ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய சிபிடி-ஈ என்ற முறைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. வழக்கமாக 20 அமர்வு, எடை ரொம்பக் குறைந்தவர்களுக்கு 40 வரை போகும். புலிமியாவுக்கு ஃப்ளூவாக்ஸிட்டின் மாத்திரை ஓரளவு உதவும். அனொரெக்ஸியாவைக் குணமாக்க மாத்திரை என்று ஒன்று இல்லை, சாப்பாடுதான் மருந்து. 'ஃபேமிலி பேஸ்டு', 'சிபிடி-ஈ' என்ற பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு அவை தெரியுமா என்பது குரலிலேயே தெரிந்துவிடும்.

நம்மூருக்கென்று ஒரு கேள்வி இருக்கிறது, விரதம். 1989-இல் கிங், புக்ரா என்ற இரு ஆய்வாளர்கள் வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் மேல்நாட்டுக் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தபோது, நோய் இல்லாதவர்களும் நோயாளிகள் மாதிரி மதிப்பெண் எடுத்தார்கள். சில கேள்விகளை மாணவிகள் தங்கள் விரதப் பழக்கத்தை வைத்துப் புரிந்துகொண்டிருந்தார்கள். நம் வீடுகளில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சஷ்டி, கிருத்திகை, செவ்வாய், வெள்ளி என்று ஒரு பெண் வரிசையாக விரதம் பிடித்தால் பாட்டிக்குப் பெருமை, நோய்க்கு நல்ல மறைவிடம். எங்கள் தெரபிஸ்ட் இதைப் புரிந்துகொண்டு பேசினார். "சாமிக்கு இருக்கிற விரதம்னா அடுத்த நாள் பாரணைக்கு சந்தோஷமா சாப்பிடுவாங்க. இவ அடுத்த நாள் பயப்படுறா." இதைத் தமிழில், பாட்டிக்கும் புரிகிற மாதிரிச் சொல்ல ஒரு ஆள் தேவை. ஆங்கிலத்தில் மட்டுமே அமர்வு நடத்துபவரிடம் குடும்பச் சிகிச்சைக்குப் போய்ப் பயன் இல்லை. அக்கா வாயே திறந்திருக்க மாட்டாள்.

ஆண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். ஜிம்மில் 'கட்டிங்' என்று சொல்லிக்கொண்டு சோற்றை ஒதுக்கி, கண்ணாடி முன் மணிக்கணக்கில் நிற்கிற பையனை யாரும் டாக்டரிடம் கூட்டிப் போவதில்லை. முறுக்கேறிவிட்டான் என்று மாமாக்கள் முதுகில் தட்டுகிறார்கள்.

செலவு? நாங்கள் விசாரித்த இடங்களில் ஒரு அமர்வுக்கு ஆயிரத்தைந்நூறிலிருந்து மூவாயிரம் வரை கேட்டார்கள். வாரா வாரம் என்றால் நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. நடைமுறையில் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் பணம் தரும், வாராந்திர அமர்வுக்குத் தராது. பணம் இல்லையென்றால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம், வேலூர் சிஎம்சி-யின் பாகாயம் வளாகம், பெங்களூரு நிம்ஹான்ஸின் குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினர் பிரிவு ஆகியவை உண்டு. கீழ்ப்பாக்கம் என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் நம்மில் அதிகம். சினிமா செய்த வேலை அது. எங்கே தொடங்குவதென்றே தெரியாவிட்டால், 2022 முதல் இயங்கும் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

மயக்கம், நெஞ்சு படபடப்பு, தண்ணீர்கூட இறங்காத நிலை, ஒரு நாளில் பலமுறை வாந்தி, உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் தெரபிஸ்ட் தேடுவதை நிறுத்திவிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். தேடல் அப்புறம்.

அக்கா மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஹாஸ்டல் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள், தெரபிஸ்ட்டை இன்னும் வீடியோவில் பார்க்கிறாள், எடையை உள்ளூர் டாக்டர் பார்த்து அனுப்புகிறார். பரீட்சைக் காலத்தில் சாப்பாடு குறைகிறது. குறைந்ததும் இப்போதெல்லாம் வீட்டில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இதைப் படிக்கிற தெரபிஸ்ட்டுகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்தில் இருக்கிற அந்த நீண்ட பட்டியலை ஒருமுறை பாருங்கள். ஈட்டிங் டிஸார்டருக்கு நீங்கள் பயிற்சி பெறவில்லை என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். பயிற்சி இருக்கிறதென்றால் எந்த முறை, எந்த வயதினர், எந்த டாக்டரோடு சேர்ந்து, தமிழில் அமர்வு உண்டா, கட்டணம் எவ்வளவு என்பதை நான்கு வரியில் எழுதிப் போடுங்கள். ராத்திரி தூக்கம் வராமல் போனும் கையுமாகத் தேடிக்கொண்டிருக்கிற அம்மாக்களுக்கு அந்த நான்கு வரி போதும்.